பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள்

கோவையில் நான் வண்டி விடும் மெக்கானிக் ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரித்து, அதன்மேல் நாலு பிரேக் பேடுகளை வரிசையாக வைத்தார். முன் சக்கரங்கள் இரண்டிலும் இருந்து அப்போதுதான் கழற்றியவை. மூன்று பேடுகளில் உரசித் தேயும் பகுதியான லைனிங் ஏறக்குறைய ஒரே கனம், 6 மில்லிமீட்டர் இருக்கும். நாலாவது அப்பளமாகத் தேய்ந்து கிடந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சாயிரம் ஓடியிருக்கு சார், பேட் மாத்திடலாம்" என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். சக்கரத்தை யாரும் கழற்றவில்லை. நானும் அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். பிறகு குன்னூர் போய்த் திரும்பிய அன்று மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் மட்டும் அனல் அடித்தது. வலது பக்கம் அப்படி இல்லை.

மெக்கானிக் அந்த நாலாவது பேடை எடுத்து என் கையில் கொடுத்தார். "பேட் என்ன தம்பி பாவம் பண்ணுச்சு? இடது பக்கம் உள்பேட் மட்டும் இப்படி இருக்குது பாருங்க. பின்னு ஜாம் ஆகிக் கிடக்குது. இதைப் பார்க்காம புதுசு போட்டா அதுவும் ஆறு மாசத்துல இதே கதிதான்."

சர்வீஸ் சென்டர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் புது பேட் போட்ட திருப்தி இருந்திருக்கும். கோளாறு அப்படியே இருந்திருக்கும். பேட் எவ்வளவு தேய்ந்தது என்பதோடு எப்படித் தேய்ந்தது என்பதையும் பார்த்தால்தான் அடுத்து என்ன வாங்குவது என்று தெரியும். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைப்பதுதான் நாம் செய்யும் தப்பு.

உள்பேடுக்கு மட்டும் ஏன் இந்த நிலைமை? நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத்தட்டு), பின்பக்கம் டிரம். முன் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன், அதுவும் உள்பக்கம் மட்டும். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்து வந்து டிஸ்க்கின் மறுபக்கத்தில் அமர்த்தும். இந்த நகர்வுக்குத் தாங்கலாக இருப்பவை சுண்டுவிரல் கனத்தில் இரண்டு பின்கள். அவற்றின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீரும் புழுதியும் புகுந்தால் கிரீஸ் காய்ந்து பின் இறுகிவிடும். காலிப்பர் நகராது. அப்புறம் அந்தச் சக்கரத்தின் வேலையெல்லாம் உள்பேடின் தலையில்தான்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. அலாய் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பேட் மட்டும்தான். "நல்லா இருக்கே" என்று நாம் நிம்மதியாகப் போகும்போது, மறைவில் உள்பேடின் இரும்புத்தகடு டிஸ்க்கைச் சுரண்டத் தொடங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, சக்கரத்தின் பின்னாலிருந்து பார்த்தால் உள்பேடும் ஓரளவு தெரியும். சந்தேகம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றிவிடுவதே மேல். டயர் ரொட்டேஷன் செய்யும்போது எப்படியும் கழற்றத்தானே போகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும்.

கனத்துக்கு வருவோம். புது முன்பேடில் லைனிங் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற நாள் பார்க்கலாம். 2 என்றால் நாள் பார்க்கக்கூட நேரமில்லை. துல்லியமான கடைசி அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஓனர்ஸ் மேனுவலிலோ சர்வீஸ் குறிப்பிலோ இருக்கும். அளக்கும்போது பலரும் ஏமாறுவது பின்தகட்டில். லைனிங் ஒட்டியிருக்கும் இரும்புத்தகடே 5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தகட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் பாதி இருக்கு" என்பார்கள். கையில் அளவுகோல் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்துப் பிடித்து லைனிங்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மூன்றரை மில்லிமீட்டர் வரும். லைனிங் அந்தக் கனத்துக்கு வந்துவிட்டால் காசை எண்ண வேண்டிய வேளை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டியே சொல்லும் அறிகுறிகளும் உண்டு. பல பேடுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். லைனிங் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். காதுக்கு எரிச்சலாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு. ஆனால் எல்லா பேடிலும் அது இருக்காது. இருந்தாலும் ஒரு சக்கரத்துக்கு ஒரு பேடில் மட்டும் இருக்கலாம். மழை நாளில் காலையில் முதல் இரண்டு மிதியில் வரும் சத்தம் வேறு, அது டிஸ்க்கில் ராத்திரி படிந்த துரு. கீச்சு போய் 'கர்கர்' என்று அரைக்கும் சத்தம் வந்தால் லைனிங் முடிந்து இரும்பும் இரும்பும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் டிஸ்க்கும் சேர்ந்து போகும். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இரண்டு மூன்று மடங்காகும்.

பிரேக் ஆயில் டப்பாவும் ஒரு சாட்சி. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். லெவல் மெல்ல மெல்லக் குறைந்தால் முதலில் பேடைச் சந்தேகப்பட வேண்டும். லீக்கும் இருக்கலாம், அதையும் பார்க்கத்தான் வேண்டும். திருப்பத்தில் ஹேண்ட் பிரேக் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறது என்றால் பெரும்பாலும் இந்த லெவல் குறைந்ததுதான் காரணம். அப்போது பெட்ரோல் பங்க்கில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றி விளக்கை அணைப்பது, தகவல் சொல்ல வந்தவன் வாயைப் பொத்துவது மாதிரி.

சரி, கிலோமீட்டர் கணக்கு? அதற்கு அர்த்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். எப்போது திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அது உதவும். எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு உதவாது. சேலம் பைபாஸில் நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் வண்டியில் பேட் 60,000 கிலோமீட்டர் தாண்டியும் கிடக்கும். அதே மாடல் வண்டி சென்னையில் தினமும் ஓஎம்ஆர் சிக்னல்களில் நின்று நின்று போனால் 25,000இல் தீர்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியரால் வேகத்தைக் கட்டும் பழக்கம் ஓட்டுபவருக்குக் குறைந்துவிடுவதால் பேட் இன்னும் சீக்கிரம் தேயும். எலெக்ட்ரிக் கார்களிலோ கதை நேர் எதிர். மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடுவதால் பேட் தேயாமல் கிடந்து துருவேறிக் கெட்டுப்போகும் சிக்கல்தான் அங்கே.

மலைப்பாதைக்குத் தனிக் கணக்கு உண்டு, அதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் மறக்காது. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 325 சொச்சம். நாலு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1,350 கிலோ எடையில் ஒரு கார் இந்த 1,900 மீட்டரை இறங்கினால் 25 மெகாஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். சுமார் 85 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது, கல்யாண வீட்டு அண்டா அளவு. நகரத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து வண்டியை முழுதாக நிறுத்துவதற்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், 130 தடவை நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்குமா, பேட் வாங்குமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் போட்டிருக்கும் கியர். நீலகிரியில் இறக்கத்தில் இரண்டாவது கியரில் போகச் சொல்லி போர்டு வைத்திருப்பது இதற்காகத்தான்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினுக்கு எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்கக் கொஞ்சம் செலவாகிறது. அதாவது பெட்ரோலும் போய் பேடும் போகிறது.

பேட் சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்துக்கு மேல் லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் வாயுவாகக் கசியத் தொடங்கும். பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் தலைகீழாக, பெடல் பஞ்சாகப் போகும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 ஆயிலுக்கு 230, ஈரம் ஏறினால் 155. மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர்கள் விலை உயர்ந்த பேடைத் தேடி அலைவதற்கு முன்னால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுகிறோமா என்று பார்ப்பது நல்லது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆயில் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத செலவு.

மறுபடி அந்த நியூஸ்பேப்பருக்கு வருகிறேன். பழைய பேடுகளில் வேறு என்னென்ன படிக்கலாம் என்று மெக்கானிக் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரே பேட் ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம். முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பேடில் கனம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பிடிமானம் இருக்காது. வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதே வரிகள் டிஸ்க்கிலும் இருக்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஓரங்கள் பொடிந்திருந்தாலோ தகட்டில் இருந்து லைனிங் விலகியிருந்தாலோ அளவெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, குப்பைக்குப் போகலாம்.

டிஸ்க்கையும் விட்டுவிடக் கூடாது. அதன் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனத்தைப் பொதுவாக அச்சடித்தோ பொறித்தோ இருப்பார்கள். வெர்னியர் என்ற அளவுகருவியால் அளக்கும்போது விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பைத் தவிர்த்து, பேட் உரசும் இடத்தில் அளக்க வேண்டும். மிதிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் "டிஸ்க் பெண்டு" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரங்களில் டிஸ்க் வளைந்திருக்காது. பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிந்தோ, டிஸ்க் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் தேய்ந்தோ இருக்கும். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். இல்லாவிட்டால் புதிதுதான்.

இப்போது கடைக்குப் போவோம். பேடின் லைனிங் என்பது ஒரு மசாலா. இழை, பிசின், உலோகத்தூள், வழவழப்புக்குக் கிராஃபைட், சுரண்டலுக்குக் கடினமான துகள்கள் என்று பத்து இருபது பொருள்களைக் கலந்து அழுத்தி வேகவைப்பது. யார் எந்த விகிதத்தில் போடுகிறார்கள் என்பது தொழில் ரகசியம். இந்தக் கலையின் ஆதி கதை கொஞ்சம் வேடிக்கையானது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் வழுக்காமல் இருக்கப் பழைய பூட்ஸைக் கட்டையில் ஆணியடித்து வைப்பதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், 1897இல் பிரேக் லைனிங் தயாரிக்கத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற அவருடைய நிறுவனப் பெயர் அவருடைய பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் சேர்த்து உருவானது. பூட்ஸில் தொடங்கிய தொழில் பிறகு பல பத்தாண்டுகள் கல்நாரில் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடியது. கல்நார் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் உலகம் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் இன்னும் புழக்கத்தில் இருந்த கிரைசோடைல் என்ற கல்நார் வகைக்குத் தடை அறிவித்தது 2024இல்தான். பழைய பேடின் தூசியை ஏர் அடித்து ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். புது பெட்டியில் கல்நார் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்றைக்குக் கடையில் கிடைப்பதை மூன்று வகையாகச் சொல்வார்கள். ஆர்கானிக் என்பது கல்நார் இல்லாத இழைகளால் ஆனது. சத்தம் குறைவு, டிஸ்க்குக்கு மென்மை, ஆனால் கடும் சூட்டில் தளரும். செமி மெட்டாலிக்கில் எஃகு இழையும் இரும்புத்தூளுமாக உலோகம் கணிசமாக இருக்கும். சூட்டைத் தாங்கும், பதிலுக்கு டிஸ்க்கைத் தின்னும், கொஞ்சம் சத்தமும் போடும், வீலெல்லாம் கறுப்பாகும். செராமிக்கில் சத்தமும் தூசியும் மிகக் குறைவு, விலை கூடுதல். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் சொந்தம். செராமிக் என்ற சொல்லைக் கேட்டதும் "நல்லா பிடிக்கும்" என்று நினைத்து வாங்குகிறார்கள். முக்கியமாக அதில் வாங்குவது அமைதியையும் சுத்தமான வீலையும்தான். கலவையில் சேரும் தாமிரத்துக்கும் இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டது. தேய்ந்த தூசி மழைநீரோடு ஆற்றில் கலந்து சால்மன் மீன்களின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது என்பதால், கலிஃபோர்னியா 2010இல் சட்டம் போட்டு 2025க்குள் அரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொன்னது.

பேடின் ஓரத்தில் ஒரு நீள எண்ணுக்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருந்தால் அதைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. எஃப்எஃப், ஜிஜி, இஇ மாதிரி வரும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில் உராய்வு. இ என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து இறங்கியிருந்தால், அதாவது எஃப்இ என்று இருந்தால், சூட்டில் தளரும் பேட் என்று புரிந்துகொள்ளலாம். மலை வண்டிக்கு அதை நான் வாங்கமாட்டேன். ஆனால் இந்த எழுத்துகள் ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் சோதித்துத் தருபவை. எத்தனை நாள் வரும், சத்தம் போடுமா, டிஸ்க்கைத் தின்னுமா என்பதெல்லாம் இவற்றில் இல்லை. ஐரோப்பாவின் ஆர்90 விதி இன்னும் கறாரானது. ஒரிஜினல் பேடோடு ஒப்பிட்டு, மாற்றுப் பேடின் செயல்திறன் மேலேயோ கீழேயோ 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது. வட்டத்துக்குள் இ எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அந்தச் சோதனையில் தேறியது. மேலேயும் வரம்பு வைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்பக்கம் அளவுக்கு மீறிக் கவ்வினாலும் வண்டியின் சமநிலை கெடும் என்பதால்தான் அது.

இவ்வளவும் பார்த்தபின் என் தேர்வு சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கார் கம்பெனிகள் தாங்களே பேட் செய்வதில்லை, வெளியே வாங்கிப் போடுகிறார்கள். இந்த விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1970களில் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இரண்டும் பாடியில். 2025இல் ரானே (மெட்ராஸ்) நிறுவனத்தோடு இணைந்த ரானே பிரேக் லைனிங் பக்கத்து அம்பத்தூரில். அன்றாடம் ஓட்டும் குடும்ப வண்டிக்குக் கார் கம்பெனியின் பெட்டியிலோ, கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் இப்படிப்பட்ட நிறுவனத்தின் சொந்தப் பெட்டியிலோ வருவது போதும். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் வந்தாலும் கலவை அப்படியே ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் பெயர் போட்டு விற்கிறவருக்குப் பெயர் கெடக்கூடாது என்ற பயம் இருக்கும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் பாதி விலைக்கு அதே பெட்டி கிடைக்கிறது என்றால் அச்சு, எழுத்துப்பிழை, சீல், பில் நாலையும் பாருங்கள். பில் தரமாட்டேன் என்றால் அதுவே பதில்.

ரேஸ் பேட் வேண்டவே வேண்டாம். அவை சூடேறிய பிறகுதான் கவ்வத் தொடங்கும். காலையில் வீட்டு வாசலில் இருந்து கிளம்பி முதல் முனையில் பள்ளிப் பிள்ளை குறுக்கே வரும்போது பேட் குளிர்ந்துதான் கிடக்கும்.

என் வண்டிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வாங்கியது சாதாரண பேட் ஒரு செட், இடது வலது இரண்டுக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பேடைவிட அதிக நேரம் பிடித்தது அந்தக் காலிப்பர் பின்தான். இறுகிப்போனதைச் சுத்தியால் தட்டித் தட்டி எடுத்து, எமரி தாளால் தேய்த்து, ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே இருக்கும் சிலிகான் கிரீஸைப் பூசினார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று ஒரு வார்த்தை. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா விளிம்பு வரை ஏறியது. நடுவில் யாராவது டாப் அப் செய்திருந்தால் வழிந்து பெயின்ட்டை உரித்திருக்கும்.

ஜாக்கியை இறக்கியதும் நான் சாவியை எடுத்தேன். "இருங்க தம்பி, முதல்ல மிதிங்க" என்றார். மிதித்தேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரை வரை போனது. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொட இன்னும் வரவில்லை. நாலைந்து மிதிக்குப் பிறகு கால் மெல்ல மேலே நின்றது. அதற்குமுன் வண்டியை எடுத்திருந்தால் எதிரே இருந்த சுவரில்தான் நின்றிருப்பேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவினாசி ரோட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில், 60இல் இருந்து 20க்கு நிதானமாக, முழுதாக நிறுத்தாமல், பதினைந்து தடவை வேகத்தைக் குறைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆற விட்டேன். புது லைனிங் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிவதற்கு இது. ஏழாவது எட்டாவது தடவையில் லேசான தீய்ந்த வாடை வந்து போனது, அப்படி வருவது சகஜம். வீட்டுக்கு வந்து இரண்டு முன் சக்கரங்களின் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சூடு.